வெளியே நாலு ஜன்னல், உள்ளே மூன்று

என் மனைவி என்னை எத்தனை தடவை கொன்றிருக்கிறாள் என்று எனக்கே கணக்கு இல்லை. கிணற்றில் மிதந்திருக்கிறேன். மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்திருக்கிறேன். ஒரு கதையில் அலமாரிக்குள் என்னை மடித்து வைத்திருந்தார்கள், கதவைத் திறந்ததும் சரிந்து விழ வேண்டும். அதற்காக நிஜமாகவே எங்கள் அலமாரிக்குள் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் பேய்க்கதைகளைப் படக்கதையாக வரைந்து, தானே அச்சுக்குக் கொடுத்து, தானே விற்கிறவள். பிணத்துக்கு மாடல் வேண்டுமென்றால் வெளியே போய் ஆள் பிடிக்கவா முடியும்? கட்டிய புருஷன் எதற்கு இருக்கிறான்? ஞாயிறு மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், "ஏங்க, அப்படியே அசையாம இருங்க, வாய் மட்டும் லேசா திறந்திருக்கட்டும்" என்று ஆரம்பித்துவிடுவாள்.

தெருப் பிள்ளைகளுக்கு அவள் மசியக்கா. நடுவிரலின் ஓரம் எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கறுப்பாகவே இருக்கும். நான் மூக்குக் கண்ணாடி விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் நான் செருப்பை மாட்டும்போதே அவள் மேசையில் உட்கார்ந்திருப்பாள். முதலில் வெளிர்நீலப் பென்சிலில் கட்டங்கள், கட்டத்துக்குள் ஆட்கள், அதன் மேல் தொட்டு எழுதும் பேனாவால் மை. ஸ்கேன் செய்தால் நீலம் விழாது, மை மட்டும் விழும். பக்கம் நன்றாக வந்த நாளில் அவளே டீ போட்டு எல்லோருக்கும் கொடுப்பாள். வராத நாளில் நானும் என் அம்மாவும் அடுக்களையில் கிசுகிசுவென்று பேசிக்கொள்வோம்.

அம்மாவுக்கும் இதில் வேலை உண்டு. எங்கெல்லாம் முழுக் கறுப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் என் மனைவி நீலத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாள். அம்மா தூரிகையில் மை தோய்த்து அந்த இடங்களை நிரப்புவாள். "உன் பொண்டாட்டி புத்தகத்துல இருட்டு பூரா நான் போட்டதுடா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருப்பதற்கு அந்தக் கறுப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

புத்தகச் சந்தைகளில் ஓர் ஓரமாக மேசை போட்டு உட்காருவோம். வருகிறவர்கள் எடுத்துப் புரட்டிவிட்டு, "குழந்தைங்க புத்தகமா?" என்பார்கள். "ஆமா, தூங்காத குழந்தைங்களுக்கு" என்பாள் இவள். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். வாயைக் கொஞ்சம் அடக்கினால் இன்னும் நாலு பிரதி போகும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுதான்.

அவளுடைய வேலையில் ஒரு குறுக்குவழி உண்டு. கதையில் வரும் வீட்டின் வெளிப்புறத்தைத் தெருவில் பார்க்கிற ஏதாவது ஒரு வீட்டிலிருந்து எடுப்பாள். உள்புறத்துக்கு எங்கள் வீடுதான். எங்கள் நாற்காலி, எங்கள் சுவர் விரிசல், எங்கள் ஜன்னல். "மூடின வீடு" என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தபோதும் அப்படித்தான் செய்தாள். பேருந்து நிறுத்தம் ஒன்றில் நின்றபடி எதிரே இருந்த பழைய மாடி வீட்டை வரைந்துகொண்டு வந்தாள். அழுத்தமான வீடு. மாடியில் வரிசையாக நாலு மரக்கதவு ஜன்னல். உள்ளே எப்போதும்போல எங்கள் முன்னறையை வரைந்தாள். எங்கள் முன்னறைக்கு மூன்று ஜன்னல்.

முதல் புத்தகம் அச்சாகி வந்து, சந்தையில் வைத்தபோது ஒருவர் நின்ற இடத்திலேயே படித்து முடித்தார். பிறகு இரண்டு பக்கங்களை விரித்து எங்கள் முன் வைத்தார்.

"மேடம், வெளிய நாலு ஜன்னல் இருக்கு. உள்ள மூணுதான் வருது. நாலாவது எங்க?"

அன்று வீடு திரும்பும் வழி முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. நான் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றேன். "நான் ஆனையா?" என்று ஒரு பார்வை பார்த்தாள். அதோடு நானும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை முகமெல்லாம் தெளிந்து எழுந்து வந்தாள். "அச்சுல ஏறினத அழிக்க முடியாது. அதனால தப்பு என்னோடது இல்லங்க, வீட்டோடது. அந்த வீட்டுல ஒரு ரூமை யாரோ மூடி வச்சிருக்காங்க." படக்கதைக்காரர்களின் புத்தி அப்படித்தான். போட்ட பிழையைத் தூக்கிக் கதையின் தலையில் வைத்துவிடுவார்கள். இரண்டாம் புத்தகத்தில் கதாநாயகி மூன்றாவது ஜன்னலை ஒட்டிய சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். கடைசிக் கட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திரும்பத் தட்டுகிறார்கள். முன்னெப்போதும் இல்லாத விற்பனை. மூன்றாம் புத்தகத்தில் அறை திறக்கும் என்று பின்னட்டையில் போட்டுவிட்டாள்.

அந்த மூன்றாம் புத்தகத்தை வரைந்துகொண்டிருந்தபோதுதான் முதல் தடவையாக எனக்கு ஒரு மாதிரி ஆனது. வீட்டின் வெளித்தோற்றம் ஒரு முழுப் பக்கம். நாலு ஜன்னலும் இருட்டு, நாலிலும் பெருக்கல் குறி. அம்மா நிரப்பிக் கொடுத்த பக்கத்தை மனைவி கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். மூன்று ஜன்னல் முழுக் கறுப்பு. நாலாவதில் நடுவே கொஞ்சம் வெள்ளை விட்டிருந்தது. தோளும் தலையும் போன்ற ஒரு வடிவம்.

"அத்தை, இத ஏன் விட்டுட்டீங்க?"

"அங்க ஆள் நிக்குதே. ஆள் மேலயா மை பூசுவேன்?"

"நான் யாரையும் வரையலையே அத்தை."

அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள். பெருக்கல் குறியைத் தவிர அந்த வெள்ளையில் வேறு நீலக்கோடே இல்லை. "கண்ணுல ஏதோ பட்டிருக்கும்" என்றேன் நான். அம்மாவின் கண்ணுக்கு அளவெடுத்து, போன மாதம்தான் நானே கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தேன். அதை அப்போது சொல்லவில்லை.

அடுத்த சந்தையில் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார். தையல்கார அக்கா என்று பிற்பாடு நாங்கள் அழைக்க ஆரம்பித்தோம். இரண்டாம் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"என் கடைக்கு வர்ற பொண்ணு ஒண்ணு இத விட்டுட்டுப் போயிடுச்சு. அட்டையில இருக்கே, இது எங்க வீடு."

மனைவி சங்கடமாகச் சிரித்தாள். "வெளிய இருந்து பார்த்து வரைஞ்சேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள இருக்கிறது எல்லாம் என் கற்பனைதான்."

"எங்க வீட்டுலயும் உள்ள மூணுதான் இருக்கு."

நான் மீதிச் சில்லறையை யாருக்கோ கொடுக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன்.

"பொறந்ததுல இருந்து அங்கதான் இருக்கேன். எண்ணிப் பார்த்ததே இல்ல. இதப் படிச்சுட்டுத் தெருவுல இறங்கி நின்னு எண்ணினேன், நாலு. மேல போய் எண்ணினேன், மூணு. மூணாவதுக்கு அப்புறம் செவுரு, செவுத்தை ஒட்டி பீரோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு முழு அறையை மறைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கு வெளியே எத்தனை ஜன்னல் என்று யோசிக்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். எனக்குத் தெரியவில்லை. குடியிருக்கிறவன் எவன் தெருவில் நின்று தன் வீட்டை எண்ணுகிறான்?

அக்கா மேசைக்குப் பின்னால் வந்து எங்களோடு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன், இப்போதும் அதே வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கும் மூத்தவளாக ஒரு பெரியக்கா இருந்தாள். இவருக்கு நாலு வயது இருக்கும்போது அவள் யாரோடோ ஓடிப்போனாள். அந்தச் சமயத்தில் அம்மாவும் இவரும் மாமா வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது அப்பா விஷயத்தைச் சொன்னார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

"ஒருத்தி ஓடினது போதும்னு, பெரியவளானதும் என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாங்க. வாசப்படி தாண்ட விடல. அப்பா கண்ண மூடுற வரைக்கும் அப்படித்தான். இவ்வளவுக்கும் அவதான் காரணம். காலைல எந்திரிச்சா முதல்ல அவளத் திட்டிட்டுத்தான் மிஷின்ல உட்காருவேன். நீ நல்லா இருப்பியாடின்னு." அளவு நாடாவை விரலில் சுற்றினார். "இப்பத் திட்ட வரல. வாயத் திறந்தா அந்தச் செவுருதான் கண்ணு முன்னால வருது. அவ ஓடலன்னா? அவ உள்ள இருந்தா?"

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அடுத்த புத்தகத்துல ரூமைத் திறக்கிறீங்களாமே. உள்ள என்னம்மா வரைஞ்சிருக்கீங்க?"

"இன்னும் வரையலக்கா" என்றாள் மனைவி.

அது பொய். அந்தப் பக்கம் முடிந்து, மை காய்ந்து, எங்கள் மேசை டிராயரில் இருந்தது. சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

"அவ அங்க இல்லன்னு வரைங்கம்மா" என்றார் அக்கா. என்னமோ இவள் வரைந்தால் அது அப்படியே ஆகிவிடும் என்பதுபோல.

ஊருக்குப் பயம் காட்டிப் பிழைக்கிறவள், தனக்குப் பயம் வந்தபோது ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றாள். டிராயரைத் திறக்கவே மாட்டேன் என்றாள். ஒரு மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். வெயில் கொளுத்தியது, சாலை நிறைய ஜனம். மாடியில் மூன்று ஜன்னல்களின் கதவுகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. நாலாவதின் பலகைகளில் தூசி கம்பளி போலத் தடித்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, அது எங்களைப் பார்ப்பதுபோலத் தோன்றியது. பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நடுவில், நான் மனைவிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அக்கா எங்கள் வீட்டையே தேடி வந்துவிட்டார். "கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். அண்ணன் வேணாங்குது. இருக்கிறது இருக்கட்டும்னே சொல்லுது. எனக்குத் தெரிஞ்சாகணும். நீங்க ரெண்டு பேரும் கூட வந்து நிக்கணும். அந்தச் செவுத்த முதல்ல தட்டினது நீங்கதானே?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். போனோம்.

பீரோவை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரின் பூச்சு மற்ற இடத்தைவிட மேடும் பள்ளமுமாக இருந்தது. கை பழகாத ஆள் பூசியது என்றார் கொத்தனார். உளியை வைத்து முதல் அடி அடித்தார். செங்கல் ஒவ்வொன்றாக வந்தது. கெட்ட வாடை ஏதாவது வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய காகித மூட்டையைத் திறந்தால் வருமே, அந்த வாசனைதான் வந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை ஆனதும் கொத்தனார் விலகிக்கொண்டார். அக்காதான் முதலில் தலையைக் குனிந்து உள்ளே போனார். பின்னால் நாங்கள்.

அறை காலி.

ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், கம்பியில்லாத ஜன்னல். அவ்வளவுதான். பலகை இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. அக்கா, "இல்ல, இல்ல, அவ இல்ல" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், உடனே முகம் சுருங்கியது. "அப்ப நிஜமாவே ஓடித்தான் போயிட்டாளா? ஒரு தடவைகூட எங்கள நினைக்கலயா?" நான் நிம்மதியில் பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. என் மனைவி ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றாள்.

மூலையில் போர்வைகள் கிடந்தன. ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, கயிறாக்கி, சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இது வழியா இறங்கிப் போயிருக்காங்க" என்றேன்.

"அப்ப இத மேல இழுத்தது யாரு?" என்றாள் மனைவி. "ஜன்னலப் பாருங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

இறங்கிப் போனவள் எப்படி உள்ளே தாழ்ப்பாள் போடுவாள்? வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடத்தைப்போலப் பயந்ததில்லை.

"நான்தான் இழுத்தேன்."

ஓட்டைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் படியேறி வந்ததை நாங்கள் கேட்கவில்லை. ஒல்லியான மனிதர், கையால் சுவரைப் பிடித்திருந்தார். உள்ளே வரவில்லை.

"அப்பாவுக்குப் பிடிக்காத பையன்கூட அவ பேசிட்டா. அவளை இங்க போட்டுப் பூட்டிட்டார். கீழ தெருக்கதவுக்குக் குறுக்க கட்டில் போட்டு அவரே படுத்துக்கிட்டார். எனக்குப் பதினாலு வயசு. சாவிய எடுத்துட்டு வந்து திறந்தேன். போர்வைய நான்தான் கட்டினேன். அவ இறங்கினா. பாதி இறங்கினப்பவே துணியில கனம் இல்லாமப் போச்சு. இழுத்துக்கிட்டேன், தாழ்ப்பாள் போட்டேன், கதவப் பூட்டிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

"கீழ பார்க்கலயா?" என்றார் அக்கா.

"பார்க்கல."

"ஏண்ணே?"

"பயம்." அவர் சுவரைப் பார்த்தே பேசினார். "காலைல எந்திரிச்சா அப்பா முன்வாசல்ல வாளிவாளியாத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு இருந்தார். அவர் கையில துடைப்பம் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. உங்கக்கா ஓடிட்டாடான்னார். ரெண்டு நாள்ல கதவக் கழட்டிட்டு, அவரே செங்கல் வாங்கி வந்து இத மூடினார். அம்மா வந்து கேட்டதுக்கு, ஓடிப்போனவ இருந்த ரூம் இந்த வீட்டுக்கு வேணாம்னார்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே? என்கிட்ட?"

"அவ நல்லபடியாப் போயிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். நீ தினமும் அவளத் திட்டுவல்ல, அது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நீ திட்டுறன்னா அவ எங்கயோ உயிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரிகள் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். குற்றம் சாட்டப்பட வேண்டியவர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. தோண்டிப் பார்க்கலாமென்றால் அவர் கழுவிய அந்த முன்வாசலும் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அது சாலையோடு போய்விட்டது. அந்த இடத்தில் தார் போட்டு, எந்நேரமும் வண்டி ஓடுகிறது. ஜன்னல் கதவைத் திறந்துவிட்டார்கள். அதன் நேர் கீழே இப்போது வெறும் சாலைதான் தெரிகிறது.

மூன்றாம் புத்தகம் வரவில்லை. வாசகர்கள் போனிலும் நேரிலும் என் மனைவியைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். ஏமாற்றுக்காரி என்றுகூட ஒருவர் சொன்னார். எதற்கும் வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறவள், "வராதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். டிராயரில் இருந்த பக்கத்தை அவளே கிழித்தாள். பேய் எப்படி இருக்கும் என்று இனி வரையத் தெரியவில்லை என்று என்னிடம் அழுதாள். நான் பிணமாகப் படுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன், சிரிப்பாளே என்று. சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அக்காவும் அண்ணனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியக்காவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, எல்லாவற்றையும் அப்பா எரித்துவிட்டார். அக்காவுக்கு அவள் முகம் ஞாபகமே இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது.

"அண்ணன் சொல்லும். நீங்க வரைங்கம்மா" என்றார் அக்கா.

காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தார்கள். முதலில் அக்காவின் முகத்தையே வைத்துக்கொண்டு மனைவி ஆரம்பித்தாள். "தாடை இன்னும் சின்னது" என்பார் அண்ணன். அழிப்பாள். "கண்ணு ரெண்டுக்கும் நடுவுல எடம் அதிகம். சிரிச்சா மேல்பல்லு ஒண்ணு தூக்கித் தெரியும்." வரைவாள். அவர் தலையாட்டுவார், இல்லை என்பார், எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுவிட்டுத் திரும்ப வருவார். காகிதங்கள் தரையில் சேர்ந்துகொண்டே போயின. என் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். கடைசியாக ஒரு தாளை மனைவி மையில் முடித்து நீட்டியபோது, அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சரியாக வந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"பெரியக்காதான்" என்றார் அண்ணன்.

"இல்ல. அவ பெரியவ. நல்லா வளந்தவ."

"அவளுக்குப் பதினேழுதான் ஆச்சு அப்ப."

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "என் கடைக்குப் பாவாடைக்கு அளவு கொடுக்க வருதுங்களே, அந்தப் பிள்ளைங்க வயசு இது. குழந்தைங்க. நேரா நிக்கச் சொன்னா நிக்காம சிரிச்சுக்கிட்டே இருக்குங்க." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் குழந்தையவா நான் இத்தன வருஷமாச் சபிச்சுக்கிட்டு இருந்தேன்?"

அவர் காய்ச்சல் பார்க்கிறதுபோல அந்தப் படத்தின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். மை இன்னும் காயவில்லை. ஈர மையில் கை வைத்தால் பெற்ற தாயாக இருந்தாலும் என் மனைவி கையைத் தட்டிவிடுவாள். அன்று ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.